கடைந்து சாப்பிடலாமே, ஏன் பிழிந்து குடிக்க வேண்டும்?

இந்த மாதம் வந்த கடிதங்களை மேஜையில் பரப்பி வைத்துப் படித்தபோது மனசு கொஞ்சம் கனத்துப் போனது. சர்க்கரை, ரத்தசோகை, சிறுநீரகக் கல் என்று நோய்கள் வேறு வேறாக இருந்தாலும், பாதிக் கடிதங்களுக்கு மேல் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது: "காலையில் வெறும் வயிற்றில் சாறு குடிக்கிறேன்." நம் அம்மாக்கள் பொரியலாகவும் கூட்டாகவும் கடைசலாகவும் சமைத்துப் போட்ட அதே காயும் கீரையும்தான் இப்போது மிக்ஸியில் அடிபட்டு டம்ளரில் வருகின்றன. அதனால் இந்த முறை அந்தக் கடிதங்களையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் மாமனாருக்கு 68 வயது, பத்து வருடமாகச் சர்க்கரை, மாத்திரை சாப்பிடுகிறார். இப்போது தினமும் விடிந்ததும் ஒரு டம்ளர் பாகற்காயும் சுரைக்காயும் சேர்த்து அடித்த சாறு குடிக்க ஆரம்பித்திருக்கிறார். கூட நடைப்பயிற்சி போகிறவர்கள் சொன்னார்களாம். நிறுத்தச் சொன்னால் கோபம் வருகிறது. இதில் ஏதாவது கெடுதல் உண்டா? (வாசகி, திருச்சி)

பதில்: உண்டு, அதனால்தான் உங்கள் கடிதத்துக்கு முதல் பதில். சுரைக்காய் நல்ல காய், நீர்ச்சத்து உள்ளது, எளிதில் செரிக்கும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் சில சமயம், கொடி காய்ந்து வாடினாலோ விதை கலப்பாகிவிட்டாலோ, பார்க்க மற்றதைப் போலவே இருக்கும் ஒரு சுரைக்காய் கடுமையாகக் கசக்கும். அந்தக் கசப்புக்குக் காரணம் குக்கர்பிட்டாசின் என்ற நச்சுப்பொருள். 2010-ல் தில்லியில் ஒரு விஞ்ஞானி கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்து இறந்துபோனார். அதற்குப் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழு வைத்து ஆராய்ந்து, கசக்கும் சுரைக்காய்ச் சாற்றைக் குடிக்கவே கூடாது என்று சொன்னது. குடித்த கொஞ்ச நேரத்திலேயே வாந்தி, வயிற்றுப்போக்கு, சில பேருக்கு ரத்த வாந்தி வரும், ரத்த அழுத்தம் சடாரென்று இறங்கிவிடும்.

உங்கள் மாமனார் செய்வதில் எனக்குப் பயம் தருவது அந்தக் கலவைதான். பாகற்காயின் கசப்பு அதன் இயல்பு, சுரைக்காயின் கசப்பு ஆபத்தின் அறிகுறி. இரண்டையும் சேர்த்து அடித்தால் எது கசக்கிறது என்று நாக்குக்கு எப்படித் தெரியும்? சமைப்பதற்கு முன்னால் காம்புப் பக்கம் ஒரு சின்னத் துண்டு நறுக்கி நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் வீட்டில் பாட்டி சுரைக்காயை அரிவாள்மனையில் போடுவார். வெள்ளரிக்காய்க்கும் பீர்க்கங்காய்க்கும் அதே கதைதான். துளி கசந்தாலும் முழுக் காயும் குப்பைக்குப் போய்விடும். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது, அதனால் "குழம்பில் போட்டால் சரியாகிவிடும்" என்று நினைக்க வேண்டாம்.

அப்புறம் பாகற்காய். அதற்குச் சர்க்கரையைக் கொஞ்சம் இறக்கும் குணம் உண்டு. ஆனால் மாத்திரையும் சர்க்கரையை இறக்குகிறது. குறிப்பாக கிளிமெபிரைடு, கிளிப்பிசைடு மாதிரி மாத்திரைகளோ இன்சுலினோ எடுக்கிறவர் வெறும் வயிற்றில் பாகற்காய்ச் சாறும் குடித்தால், சர்க்கரை தேவைக்குக் கீழே போய்விட வாய்ப்பு இருக்கிறது. திடீரென்று வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, கண்ணை இருட்டிக்கொண்டு வந்தால் அதுதான். உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையையோ குளுக்கோஸையோ தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், பேச்சு மூச்சு இல்லாமல் இருந்தால் மட்டும் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மாமனாரிடம் "நிறுத்துங்கள்" என்று மட்டும் சொன்னால் யாருக்கும் கோபம்தான் வரும். "மாமா, வாரத்துக்கு இரண்டு நாள் நானே பாகற்காய்ப் பொரியல் செய்து தருகிறேன், சாறு மட்டும் வேண்டாம், அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது நாம் இரண்டு பேருமே கேட்டுவிடலாம்" என்று சொல்லிப் பாருங்கள். சாறு குடித்ததை டாக்டரிடம் மறைக்க வேண்டாம். அது தெரியாமல் அவர் மாத்திரையின் அளவைக் கூட்டினாலும் குறைத்தாலும் கணக்குத் தப்பிவிடும்.

கேள்வி: எனக்கு 34 வயது. ஹீமோகுளோபின் 8.6 இருக்கிறது. மூன்று மாதமாக மாதுளை, பீட்ரூட், பேரீச்சம்பழம் எல்லாம் விடாமல் சாப்பிடுகிறேன், ஏறவே இல்லை. டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை வயிற்றைப் புரட்டுவதால் விட்டுவிட்டேன். முருங்கைக்கீரையைச் சாறு எடுத்துக் குடித்தால் போதுமா? (வாசகி, தேனி)

பதில்: போதாது அம்மா. முதலில் அதைச் சொல்லிவிட்டு மற்றதுக்கு வருகிறேன்.

மாதுளையும் பீட்ரூட்டும் சிவப்பாக இருப்பதால் ரத்தத்தை ஊறவைக்கும் என்று நம் வீடுகளில் ஆழமாக ஒரு நம்பிக்கை. அந்தச் சிவப்பு வெறும் நிறமிதான், இரும்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. 100 கிராம் மாதுளை முத்தில் இருப்பது சுமார் 0.3 மில்லிகிராம் இரும்பு. பீட்ரூட்டில் ஒரு மில்லிகிராம்கூட வராது. உங்களைப் போன்ற வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் வேண்டும் என்பது ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு. கணக்கைப் போட்டுப் பாருங்கள், மூன்று மாதமும் பணமும் எங்கே போனது என்று புரியும். மாதுளை கெட்டது என்று நான் சொல்லவில்லை, பழமாகச் சாப்பிடுங்கள், மருந்தாக நம்பாதீர்கள்.

முருங்கைக்கீரையில் 100 கிராமுக்கு நாலரை மில்லிகிராம் போல இரும்பு இருக்கிறது. கொள்ளு, தட்டைப்பயறு, எள், கம்பு இவற்றிலும் நன்றாகவே உண்டு. ஆனால் செடியிலிருந்து வரும் இரும்பில் பத்தில் ஒரு பங்கு உடம்பில் ஒட்டினாலே பெரிய விஷயம். அதைக் கூட்டுவதும் குறைப்பதும் கூடவே என்ன சாப்பிடுகிறோம் என்பதில்தான் இருக்கிறது. கூட்டுவது வைட்டமின் சி. நெல்லிக்காய், கொய்யாப்பழம், எலுமிச்சை. தள்ளுவண்டியில் கூறு கட்டி விற்கிறார்களே அந்தக் கொய்யாவில், ஆரஞ்சில் இருப்பதைப் போல நாலு மடங்கு வைட்டமின் சி இருக்கிறது, விலையும் கம்மி. குறைப்பது டீயும் காபியும். கீரைச்சோறு சாப்பிட்டு முடித்த கையோடு ஒரு டீ குடித்தால், அதில் இருக்கும் துவர்ப்புப் பொருள் இரும்பைக் கட்டிப்போட்டு வெளியே அனுப்பிவிடும். நம் ஊரில் இட்லிக்குப் பிறகு காபி, பலகாரத்தோடு டீ என்று பழகிவிட்டோம். விடச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், அது ஒன்றை மட்டும் செய்தாலே நல்ல மாற்றம் தெரியும்.

முருங்கைக்கீரை ஆய உட்கார்ந்தால் அரை நாள் போய்விடுகிறது என்று பல பேர் வாங்குவதே இல்லை. சாயங்காலம் வாங்கி வந்த கொத்தைக் காம்போடு ஒரு வேட்டித் துணியிலோ செய்தித்தாளிலோ இறுக்கிச் சுற்றி இரவு முழுக்க வைத்துவிடுங்கள். காலையில் பிரித்து ஓர் உதறு உதறினால் இலை முக்கால்வாசி தானாகக் கொட்டிவிடும், பழுத்த இலையையும் பூச்சி இருப்பதையும் பொறுக்கினால் போதும். பாசிப்பருப்பை மலர வேகவைத்துக்கொண்டு, நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம், வரமிளகாய் தாளித்து, கீரையைப் போட்டுக் கிளறி, வெந்ததும் பருப்பைச் சேர்த்து இறக்குங்கள். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள். கொதிக்கும்போது பிழிந்தால் வைட்டமின் சி சூட்டில் வீணாகிவிடும், அதுக்காகத்தான் இந்த வரிசை. வாரத்தில் ஒரு நாள் புளிக்குழம்பை இரும்புச் சட்டியில் வையுங்கள். புளிப்பு பட்டதும் சட்டியிலிருந்தே கொஞ்சம் இரும்பு குழம்பில் இறங்கும். கொதித்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் கறுத்து ருசி மாறிவிடும்.

இத்தனையும் செய்தாலும் 8.6 என்பது சாப்பாட்டால் மட்டும் ஏறக்கூடிய அளவு இல்லை. உங்களுக்கு 12-க்கு மேல் இருக்க வேண்டும். மாத்திரை வேண்டும். வயிற்றைப் புரட்டினால் டாக்டரிடம் போய் அதைச் சொல்லுங்கள், வேறு வகை மாத்திரை இருக்கிறது, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்லலாம், ஊசியாகவும் தருகிறார்கள். மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால் வருவது, பயப்பட வேண்டாம். ஹீமோகுளோபின் ஏறிய பிறகும் மூன்று மாதம் போல மாத்திரையைத் தொடர வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் உடம்பில் சேமிப்பு நிரம்பாமல் திரும்ப இறங்கும். இன்னொன்று, எதனால் இறங்கியது என்று கண்டுபிடிக்க வேண்டும். மாதவிடாயில் அதிகமாகப் போகிறதா, மூலம் இருக்கிறதா, வயிற்றில் பூச்சியா? நாள்கணக்கில் துணி நனைய நனைய ரத்தம் போவதை "எல்லாருக்கும் அப்படித்தானே" என்று பொறுத்துக்கொண்டு, கீரையால் ஈடு கட்டப் பார்க்கும் எத்தனையோ பெண்களை நான் பார்த்திருக்கிறேன். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருந்தது. தயவுசெய்து இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: சிறுநீரகத்தில் 4 மி.மீ. கல் இருக்கிறது. தக்காளி விதை, பால், தயிர் எல்லாம் கூடாது, வாழைத்தண்டுச் சாறு குடித்தால் கரைந்துவிடும் என்கிறார்கள். கீரையும் தயிரும் சேரக்கூடாது என்பது உண்மையா? (வாசகர், ராமநாதபுரம்)

பதில்: தக்காளியைப் பாவம் விட்டுவிடுங்கள். பெரும்பாலான கற்கள், கால்சியமும் கீரை, காய்களில் இயல்பாக இருக்கும் ஆக்சலேட் என்ற பொருளும் சேர்ந்து ஆனவை. ஒரு தக்காளியில் ஆக்சலேட் 5 மில்லிகிராம் போலத்தான் இருக்கும். அரைக் கிண்ணம் வெந்த பாலக்கில் அது 700-ஐத் தாண்டும். விதை போய்க் கல்லாக உட்கார்ந்துகொள்ளும் என்பது பார்க்க ஒன்றுபோல இருப்பதால் வந்த நினைப்பு. தினமும் பாலக்கை அரைத்துப் பச்சைச் சாறாகக் குடித்துச் சிறுநீரகம் பழுதானவர்கள் உண்டு. கேரளத்தில் பிலிம்பிக்காய் என்ற புளிப்புக் காயைச் சாறு எடுத்துக் குடித்து அதே கதிக்கு ஆளானவர்களைப் பற்றி மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒரு கீரை மசியலில் ஒரு ஆள் சாப்பிடுவது ஒரு கைப்பிடி, சாற்றில் ஒரு கட்டே உள்ளே போய்விடுகிறது, அதுதான் வித்தியாசம்.

பாலும் தயிரும் கூடாது என்பது தலைகீழான அறிவுரை. 1993-ல் அமெரிக்காவில் 45,000-க்கும் அதிகமான ஆண்களை வைத்து வெளிவந்த ஆய்வில், உணவில் கால்சியம் அதிகம் எடுத்தவர்களுக்குத்தான் கல் குறைவாக வந்தது. காரணம் எளிது. தயிரில் இருக்கும் கால்சியம் குடலிலேயே கீரையின் ஆக்சலேட்டைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு போய்விடும், சிறுநீரகம் வரைக்கும் விடாது. ஆகவே கல் உள்ள உங்களுக்குக் கீரை மோர்க்கூட்டு நல்லதுதான். தேனி வாசகிக்கு, கீரையின் இரும்பு உடம்பில் சேர வேண்டும் என்பதால், தயிரை வேறு வேளைக்கு வைத்துக்கொள்ளச் சொல்வேன். ஒரே சேர்க்கை ஒருவருக்கு ஆகும், இன்னொருவருக்கு அவ்வளவாக ஆகாது. கால்சியம் மாத்திரை போடுவதாக இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாழைத்தண்டு உருவான கால்சியக் கல்லைக் கரைத்ததாக உறுதியான ஆதாரம் இல்லை. 5 மி.மீ.-க்குக் கீழே உள்ள கற்களில் பெரும்பாலானவை தண்ணீர் நிறையக் குடித்தாலே தானாக வெளியேறிவிடும், அந்த நேரத்தில் சாறு குடித்தவர் சாற்றுக்குப் பெயர் கொடுத்துவிடுகிறார். தண்டைப் பொரியலாகச் சாப்பிடுங்கள். வட்டமாக நறுக்கும்போது ஒவ்வொரு வில்லைக்கும் வரும் நாரை விரலில் சுற்றிச் சுற்றி எடுத்துவிட்டு, கறுக்காமல் இருக்க மோர்த்தண்ணீரில் போட்டுவையுங்கள், தேங்காயும் பாசிப்பருப்பும் சேர்த்தால் அவ்வளவு ருசி. சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமாக இருப்பவர்கள் மட்டும் வாழைத்தண்டுச் சாறு, இளநீர் இரண்டையும் டாக்டரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது. பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

உங்கள் ஊர் வெயிலுக்குத் தண்ணீர்தான் முதல் மருந்து. ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகிற அளவுக்குக் குடிக்க வேண்டும், வெயிலில் வேலை என்றால் குடிப்பது மூன்று, நாலு லிட்டர்கூட ஆகலாம். நிறம் வெளுத்துப் போனால் சரி. எலுமிச்சைத் தண்ணீர் நல்லது, உப்பு போடாமல். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் குறையுங்கள், உப்பு கூடக்கூடச் சிறுநீரில் கால்சியமும் கூடும்.

கேள்வி: எனக்கு இதய வால்வு மாற்றி இரண்டு வருடம் ஆகிறது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுகிறேன். கீரையே தொடக்கூடாது என்று ஒருவர் சொல்ல, நிறுத்திவிட்டேன். மலச்சிக்கல் வந்துவிட்டது. என்ன செய்வது? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: உங்கள் மாத்திரை வார்ஃபரினாகவோ அசிட்ரோமாகவோ இருக்கும் என்று நினைக்கிறேன். அவை வைட்டமின் கே-வின் வேலையைத் தடுத்துத்தான் ரத்தத்தை உறையாமல் வைக்கின்றன. கீரையில் வைட்டமின் கே அதிகம். அதனால்தான் அந்தப் பேச்சு. ஆனால் தேவைப்படுவது கீரையை விலக்குவது இல்லை, அளவு மாறாமல் இருப்பது. வாரம் இரண்டு நாள் ஒரு கரண்டிக் கீரை என்றால் எல்லா வாரமும் அதே அளவு சாப்பிடுங்கள். ஒரு மாதம் ஒன்றுமே இல்லாமல் இருந்துவிட்டு, ஊருக்குப் போன இடத்தில் ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை சூப் என்று ஆரம்பித்தால்தான், ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு இறங்கிப் போகும், வால்வில் ரத்தம் கட்டும் ஆபத்து வரும். உங்களுக்கு இப்போது கீரை இல்லாத சாப்பாட்டுக்கு ஏற்றபடி மாத்திரை அளவு வைத்திருப்பார்கள், ஆகவே நாளைக்கே சட்டியைத் தூக்காதீர்கள். டாக்டரிடம் "திரும்பக் கீரை சேர்க்கப் போகிறேன்" என்று சொல்லிவிட்டு, கொஞ்சமாக ஆரம்பித்து, அடுத்த வாரமே ஐ.என்.ஆர். பாருங்கள். அதுவரை மலச்சிக்கலுக்குப் புடலங்காய், பூசணி, கொய்யா, நிறையத் தண்ணீர்.

கேள்வி: மரவள்ளிக்கிழங்கோடு இஞ்சி சேர்த்தால் நஞ்சாகிவிடும் என்று எங்கட அம்மம்மா இஞ்சித் தேத்தண்ணிகூடத் தர மாட்டா. உண்மையா? (வாசகி, யாழ்ப்பாணம்)

பதில்: நஞ்சு இஞ்சியால் வருவதில்லை, கிழங்கிலேயே இருக்கிறது. மரவள்ளியில் சயனைடு விடும் பொருள் உண்டு, கசப்பு ரகங்களில் கூடுதலாக. ஆகவே இஞ்சியைத் தவிர்த்துவிட்டு அரைவேக்காட்டுக் கிழங்கைச் சாப்பிட்டால் காப்பாற்றாது. தோலை இரண்டு பட்டையும் தடிப்பாக உரித்து, துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் அவித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கசந்தாலும் உள்ளே நீலமாகக் கோடு ஓடியிருந்தாலும் எறிந்துவிடுங்கள். அம்மம்மாவின் கவனம் நல்லதே, கிழங்கில்தான் கவனம் வேண்டும் என்று சொல்லுங்கள்.

கேள்வி: மூன்று மாதக் கர்ப்பம். தெரியாமல் ஒரு துண்டு பப்பாளிப் பழம் சாப்பிட்டுவிட்டேன், இரண்டு நாளாகத் தூக்கமே இல்லை. (வாசகி, கடலூர்)

பதில்: நிம்மதியாகத் தூங்குங்கள். பால் வடியும் காயில்தான் கருப்பையைச் சுருங்க வைக்கும் தன்மை இருக்கிறது, அதைத் தவிர்க்க வேண்டும். நன்றாகக் கனிந்த பழத்தில் அந்தப் பால் ஏறக்குறைய இருக்காது. ஒரு துண்டுக்காகக் கவலையே வேண்டாம். ரத்தப்போக்கோ வலியோ இருந்தால் மட்டும், அது எதனால் வந்தாலும், உடனே டாக்டரிடம் போங்கள்.

கேள்வி: பழைய சோற்றில் இரவு ஊறியதும் இரும்புச்சத்து இருபது மடங்கு ஆகிறது என்று வாட்ஸ்அப்பில் வந்தது. அப்படியானால் சர்க்கரை உள்ள என் அம்மாவும் சாப்பிடலாமா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: இரும்பு ஒரு தனிமம். பானையில் நேற்று எவ்வளவு இருந்ததோ இன்றும் அவ்வளவுதான் இருக்கும், புளிப்பதால் புதிதாக முளைக்காது. ஆனால் பழைய சோற்றில் உண்மையான நன்மைகள் இருக்கின்றன. நொதிக்கும்போது இருக்கிற கொஞ்ச நஞ்ச இரும்பு உடம்பில் சேர்வது எளிதாகலாம். சோறு ஆறி ஊறுவதில் மாவுச்சத்தில் ஒரு பகுதி சீக்கிரம் செரிக்காத வகையாக மாறுகிறது. நல்ல நுண்ணுயிர்கள் பெருகுகின்றன, குடலுக்கு இதம்.

அம்மா சாப்பிடலாம், அளவோடு. என்ன இருந்தாலும் அது அரிசிச் சோறுதான், சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். ஒரு பெரிய கிண்ணம் நிறைய வைத்து ஊறுகாயோடு சாப்பிட்டால் சர்க்கரையும் உப்பும் சேர்ந்து ஏறும். இரண்டு கரண்டிச் சோற்றைப் பிசைந்து, மோர் தாராளமாக விட்டு, கூடவே ஒரு கிண்ணம் சுண்டலோ முளைகட்டிய பாசிப்பயறோ, கடித்துக்கொள்ள நாலு சின்ன வெங்காயம். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வீட்டு மீட்டரில் சர்க்கரை எவ்வளவு என்று பார்த்து ஒரு நோட்டில் குறித்து வையுங்கள், நாலு நாள் பார்த்தால் அம்மாவுக்கு எவ்வளவு சோறு ஒத்துக்கொள்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். சோறு வடித்ததும் மணிக்கணக்கில் வெளியே கிடக்க விடாமல், ஆறியதும் நல்ல தண்ணீர் ஊற்றிவிடுங்கள், மண்பானை இருந்தால் நல்லது. காலையில் இளம்புளிப்பு வாசம் வர வேண்டும். கொழகொழவென்று நூல் இழுத்தாலோ கெட்ட வாடை அடித்தாலோ மனசு கேட்காமல் கழுவிச் சாப்பிட வேண்டாம், கொட்டிவிடுங்கள்.